நாணயக் கயிறும் நாம்பனும்

வட்டுக்கோட்டை, சங்கானை, சண்டிலிப்பாய்ப் பக்கங்களில் மாட்டுவண்டிச் சவாரி நடக்கும்போது சனம் பார்ப்பது மாடுகளின் கால்களை. புழுதி கிளப்பிக்கொண்டு சோடி எருதுகள் பாய்ந்து வரும்போது யாருடைய கண்ணும் அவற்றின் மூக்குக்குப் போவதில்லை. ஆனால் வண்டில் நேரே ஓடுவதும், எல்லை தாண்டியபின் சனத்துக்குள் புகாமல் நிற்பதும் அந்த மூக்கில்தான் தீர்மானமாகின்றன. நன்கு வளர்ந்த எருதொன்று 300, 400 கிலோ இருக்கும். ஓட்டுபவர் 60, 70 கிலோ. பலத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு எருதுகளுக்கு முன்னால் அவர் ஒரு பொருட்டே இல்லை. அவர் கையில் இருப்பதோ விரல் தடிப்பும் இல்லாத கயிறு. தமிழ்நாட்டார் மூக்கணாங்கயிறு என்பதை யாழ்ப்பாணத்தார் நாணயக் கயிறு என்பார்கள்.

மூக்கில் வலிப்பதால் மாடு அடங்குகிறது என்பது பாதி உண்மை. மாடு பழக்கிய கைகளுக்கு மீதிப் பாதியும் தெரியும். கயிறு மாட்டுக்குக் கற்பிப்பது இறுகும்போது அல்ல, தளரும்போது. இது ஏன் என்று விளங்க மாட்டின் மூக்குக்குள் சற்றுப் போய்ப் பார்க்க வேண்டும்.

உடற்கூற்றியலுக்கு வட்டுக்கோட்டை புதிய ஊரல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் முதலில் வைத்தியம் பார்த்ததும் மாணவரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கியதும் இங்கேதான். பின்னர் மானிப்பாய்க்கு மாறி, மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். மனித உடலைத் தமிழில் எழுதிவைக்க அவ்வளவு உழைப்பு நடந்த மண்ணில், மாட்டின் உடலைப் பற்றிய அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வந்தது. இன்று அந்தக் கைகள் குறைந்துகொண்டு வருவதால்தான் இதை எழுதத் தோன்றுகிறது.

மாட்டின் இரண்டு மூக்குத் துளைகளுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. உள்ளே போனால் அது குருத்தெலும்பு. இன்னும் உள்ளே எலும்பு. வெளி நுனிக்கு அருகில், குருத்தெலும்பு தொடங்குமுன், தோலும் மென்படலமும் மட்டுமாக மெல்லிய பகுதி ஒன்று உண்டு. பெருவிரலை ஒரு துளையிலும் சுட்டுவிரலை மற்றத் துளையிலும் விட்டு உள்ளே அழுத்தினால் விரல்களுக்கு நடுவே கெட்டியான தகடு தட்டுப்படும். அப்படியே முன்னுக்கு இழுத்து வந்தால் தகடு முடிந்து, விரல்கள் இரண்டும் ஒன்றையொன்று உணரும் இடம் வரும். நாணயம் குத்தும் இடம் அதுதான். அதற்குப் பின்னால் குத்தினால் குருத்தெலும்பு துளைபடும். குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை; அங்கே காயம் ஆறுவதும் கடினம், கிருமி புகுந்தால் வெளியேற்றுவதும் கடினம். அதிகம் முன்னால் குத்தினால் தாங்குவதற்குத் தசை போதாமல் முதல் உதறலிலேயே கிழியும். சரியான இடத்தின் அகலம் மிகக் குறைவு. அதைக் கண்ணால் காண முடியாது. விரலால்தான் தேட வேண்டும்.

மூக்கு நுனி மாட்டுக்கு எவ்வளவு வேண்டியது என்பதை நாம் குறைத்தே மதிக்கிறோம். மாட்டுக்குக் கையில்லை. மேல்தாடையில் முன்பல்லும் இல்லை. எது தின்னத் தக்கது, எது முள்ளு, எது தன் கன்று என்பதையெல்லாம் அது மூக்கையும் உதட்டையும் நாக்கையும் நீட்டியே அறிகிறது. மயிரில்லாத அந்த நுனியில் சுரப்பிகள் நிறைந்திருப்பதால் நலமாயுள்ள மாட்டுக்கு மூக்கு எப்போதும் ஈரமாயிருக்கும். காய்ந்துபோனால் காய்ச்சலோ என்று பார்ப்பது மாடு வளர்க்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். அதன் மேலுள்ள வரிகளும் மேடுகளும் எந்த இரண்டு மாட்டுக்கும் ஒன்றாக அமைவதில்லை. மூக்கில் மை பூசிக் காகிதத்தில் ஒற்றி மாடுகளை அடையாளம் காணலாம் என்று 1920களிலேயே அமெரிக்காவில் காட்டிவிட்டார்கள்.

இவ்வளவு நுட்பமான உறுப்புக்கு உணர்ச்சி தருவது ஐந்தாவது மண்டை நரம்பு. மூன்று கிளையாகப் பிரிவதால் அது முக்கிளை நரம்பு. அதன் நடுக்கிளை கண்ணுக்குக் கீழே, எலும்பிலுள்ள துளை வழியாக வெளிவந்து மூக்கிலும் மேலுதட்டிலும் நூற்றுக்கணக்கான இழைகளாக விரிகிறது. நரம்புகள் பற்றிய ஆய்வுக்காக 1932 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இங்கிலாந்து அறிஞர் எட்கர் ஏட்ரியன், குளம்புள்ள விலங்குகளின் மூளையில் தொடுகை எங்கே பதிவாகிறது என்று அளந்து 1943 இல் வெளியிட்டார். பன்றியின் மூளையில் அந்த இடத்தின் பெரும்பகுதியை மூஞ்சி பிடித்திருந்தது. குதிரையில் மூக்குத் துளைகளைச் சுற்றிய சிறு பகுதிக்கு, மற்ற உடலோடு போட்டி போடுமளவு இடம். மாட்டைப் போல அசைபோடும் செம்மறியிலும் வெள்ளாட்டிலும் உதட்டுப் பக்கத்துக்கே முதன்மை. முதுகும் வயிறும் காலும் எவ்வளவு பெரிதாயிருந்தாலும் மூளைக்குள் அவற்றுக்குக் கிடைத்தது சொற்ப இடம். நாணயம் குத்துவது விலங்கின் உணர்வுலகத்தின் நடுவீட்டில் கைவைப்பதாகும். கயிறு ஏன் வேலை செய்கிறது என்பதற்கும், அதைப் பிடிப்பவர் ஏன் கவனமாயிருக்க வேண்டும் என்பதற்கும் ஒரே காரணம் இதுதான்.

தொடுகையைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் தடித்தவை, கொழுப்புறை போர்த்தவை. செய்தி வினாடிக்குப் பல பத்து மீற்றர் வேகத்தில் ஓடும். சுரீரென்ற வலிக்குரிய இழைகள் மெல்லியவை. பின்னால் வந்து நின்று கனலும் வலிக்குரியவை இன்னும் மெல்லியவை, உறையில்லாதவை. அவற்றில் செய்தி வினாடிக்கு ஒரு மீற்றர் அளவிலேயே நகரும். தொடுகை இழைகள் மிகச் சிறிய அழுத்தத்துக்கே விழித்துக்கொள்கின்றன. வலி இழைகளை எழுப்ப அதைவிடப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். கயிறு அசைந்தது மாட்டுக்குத் தெரிவதற்கும், அது வலிப்பதற்கும் இடையே பெரிய வெளி இருக்கிறது. நல்ல ஓட்டி அந்த வெளிக்குள்ளேயே தன் வேலையை முடித்துவிடுகிறார்.

அவர் நாம்பனை, அதாவது இளங்காளையை, பழக்குவதைக் கவனித்துப் பாருங்கள். கயிறு சற்று இறுகும். நாம்பனுக்கு அது பிடிக்காது. தலையை உதறும், பின்வாங்கும், நின்று முறைக்கும். ஏதோ ஒரு கணத்தில் அவர் விரும்பிய பக்கம் அரை அடி எடுத்து வைக்கும். அந்தக் கணமே அவர் கை தளர்ந்துவிடும். இந்தப் பக்கம் வந்ததும் தொல்லை போயிற்று என்பதை மாட்டின் மூளை சேர்த்து முடிந்துகொள்கிறது. சில தடவைகளில் கயிறு இறுகுமுன்பே, அதன் அசைவிலேயே திரும்பத் தொடங்கும். உளவியலார் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். இதில் எல்லாம் நேரத்தில் இருக்கிறது. மாடு சரியாகச் செய்த பின்னும் இரண்டு மூன்று வினாடி கயிறு இறுகியே இருந்தால், எதைச் செய்ததற்கு விடுதலை கிடைத்தது என்று அதற்குத் தெரியாது.

விடாமல் இழுப்பவர் என்ன கற்பிக்கிறார்? திரும்பினாலும் வலிக்கும், திரும்பாவிட்டாலும் வலிக்கும் என்பதை. மாடு முயற்சியைக் கைவிடும். இல்லாவிட்டால் திருப்பித் தாக்கும். உடலிலும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. ஓயாமல் உரசுப்படும் துளையின் ஓரம் தழும்பாகித் தடிக்கிறது. தழும்பில் உணர்வு குறைவு. மெல்லிய அசைவு எட்டாததால் ஓட்டி இன்னும் பலமாக இழுக்கிறார். தழும்பு இன்னும் தடிக்கிறது. மூக்கு மரத்த மாடு இப்படித்தான் உருவாகிறது. அதை முரட்டு மாடு என்று விற்றுவிடுவார்கள். முரடு அதன் பிறவிக் குணமல்ல.

கயிறு போடும் விதத்திலும் பழைய அறிவு இருக்கிறது. நடுச்சுவரைத் துளைத்து வரும் கயிற்றின் இரு தலைப்பும் இரண்டு கன்னங்கள் வழியே மேலேறி, கொம்புக்குப் பின்னால் பிடரித் தலையில் முடியப்படும். பிடிகயிறு அதிலிருந்து போகும். இழுவையின் ஒரு பங்கைத் தலை எலும்பு வாங்கிக்கொள்வதால் மூக்கின் மென்தசை முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியதில்லை. இன்னொன்று: மாடு முட்டுவதற்குத் தலையைத் தாழ்த்தியாக வேண்டும். பின்னங்கால்களின் உந்தலைக் கழுத்து வழியே கொம்புக்குக் கொண்டுவர அதுவே வழி. மூக்கை உயர்த்திப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் அந்தப் பலமெல்லாம் இருந்தும் அதற்குப் போக வழியில்லை.

குத்துவதற்கு வருவோம். பொதுவாக ஒன்றரை, இரண்டு வயதளவில், வேலைக்குப் பழக்கத் தொடங்குமுன் குத்துவார்கள். அதிகம் சின்னக் கன்றில் சுவர் மெல்லியது, வளரவும் இருக்கிறது. அதிகம் முற்றிய நாம்பனைப் பிடித்து நிறுத்துவது மனிதருக்கும் மாட்டுக்கும் ஆபத்து. ஊரில் பூவரசிலோ வேம்பிலோ தலையை அணைத்துக் கட்டி, நாலு பேர் பிடித்துக்கொள்ள, கூரான ஊசியால் ஒரே மூச்சில் குத்திக் கயிற்றைக் கோத்துவிடுவது வழக்கம். ஒரே மூச்சில் என்பது சரிதான். தயங்கித் தயங்கிக் குத்தினால் காயம் சிதையும். விறைப்பு ஊசி இல்லாமல் குத்துவதை மட்டும் இன்று நியாயப்படுத்த முடியாது. கண்ணுக்குக் கீழே முக்கிளை நரம்பு வெளிவரும் வழியிலோ, குத்தும் இடத்திலோ லிக்னொகெயின் ஏற்றினால் சில நிமிடத்தில் மூக்கு விறைக்கும். மாடு துள்ளாது, துள்ளாத மாட்டில் துளையும் நேராக விழும். இதைக் கால்நடை வைத்தியர் செய்ய வேண்டும். மரத்துக்குப் பதில் இரு பக்கமும் சட்டமடித்த கூட்டுக்குள் நிறுத்தினால் கழுத்து நெரிபடும் அபாயமும் இல்லை.

துளையிட்டபின் வரும் நாட்களே கூடிய கவனம் கேட்பவை. மாடு தன் நாக்கை மூக்குத் துளைக்குள் விட்டு நக்கும் விலங்கு. காயத்தைத் துடைப்பதும் அந்த நாக்குத்தான், கிளறுவதும் அதுதான். போவிடோன் அயடின் கரைசலால் நாளும் கழுவ வேண்டும். இலையான் தொல்லையைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. கிறைசோமியா பெசியானா என்ற இலையான் உயிருள்ள விலங்கின் காய ஓரத்தைத் தேடி, ஒரு தடவையில் 100 முதல் 250 வரை முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரிக்கும் புழுக்கள் அழுகிய தசையோடு நிற்பதில்லை. உயிர்த்தசையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். புழு வைத்தது என்று ஊரில் சொல்வது இதைத்தான். அதனால் இலையான் குறைந்த நாட்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மண்ணிலும் சாணத்திலும் ஏற்புநோய்க் கிருமியின் வித்துகள் உண்டு. காற்றுப்படாத குறுகிய காயம் அவற்றுக்கு வாய்ப்பான இடம். குதிரையைப் போல மாடு அதற்கு இலகுவில் ஆளாவதில்லை என்றாலும் தடுப்பூசியைத் தவிர்க்கக் காரணமில்லை. மாடு பிடிக்க வருபவர்களும் தங்கள் ஏற்பு ஊசிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துளை ஆற இரண்டு மூன்று கிழமை செல்லும். அதுவரை கயிறு வெறுமனே கிடக்க வேண்டும். அதில் கைவைக்கக் கூடாது. பெரும்பாலான பிழை இங்கேதான் நடக்கிறது. குத்திய மறுநாளே இழுத்துப் பழக்கினால் மாடு கயிற்றின் மொழியைக் கற்பதற்கு முன் அதன் பயத்தைக் கற்றுவிடும். கயிறு பருத்தியாயிருந்தால் நல்லது. நைலோன் அறாது, மலிவு; ஆனால் மெல்லிய நைலோன் ஈரத்தசையை அறுத்துக்கொண்டே போகும். பட்டிப்பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டும்போது பழைய கயிற்றைக் கழற்றித் துளையைப் பார்த்துப் புதுக்கயிறு போட்டால் வருடத்துக்கு ஒருமுறையாவது மூக்கைச் சோதித்ததாகும். இன்னொன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது: மாட்டைக் கட்டையில் கட்டுவது கழுத்துக் கயிற்றால் மட்டுமே. நாணயக் கயிற்றில் கட்டிய மாடு இரவில் நாயைக் கண்டு வெருண்டு பின்னே பாய்ந்தால் விடியும்போது மூக்கு கிழிந்திருக்கும். நடுச்சுவர் ஒருமுறை அறுந்தால் தானாகச் சேராது.

மேல்நாடுகளில் கயிற்றுக்குப் பதில் வளையம். அங்கே அது வண்டில் மாட்டுக்கல்ல, இனவிருத்திக்கு வைத்திருக்கும் காளைக்கு. செம்பிலோ துருவேறா உருக்கிலோ செய்த வளையத்தை ஒரு வயதை அண்டி மாட்டுவார்கள். மூக்கில் வளையம் மிகப் பழைய எண்ணம். ஈராக்கில் தொல்லியலாளர் லியோனார்ட் வூலி தோண்டிய ‘ஊர்’ என்ற பண்டை நகரின் கல்லறைகளில் கிடைத்து, இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள சித்திரப் பெட்டியில், தேரிழுக்கும் கழுதை இன விலங்குகளின் மூக்கில் வளையம் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் வயது ஏறக்குறைய 4500 ஆண்டு. இரும்புக் கடிவாளம் பிறக்கப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மனிதர் மூக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வளையத்தோடு அவர்கள் சேர்த்துக்கொண்ட நீண்ட தடி நாம் கவனிக்க வேண்டியது. கயிறு இழுக்கும், தள்ளாது. மாடு நம்மைவிட்டு ஓடினால் கயிறு உதவும், நம்மை நோக்கி ஓடிவந்தால் அது வெறும் நூல். காளை வளையத்தில் கொளுவியுள்ள தடியின் மறுமுனை ஆளின் கையில் இருப்பதால் காளை கிட்ட வர முடியாது. நம்மவர்கள் இதே சிக்கலை வேறுவழியில் தீர்த்தார்கள்: முரட்டு நாம்பனுக்கு இரண்டு கயிறு, இரண்டு பக்கமும் இரண்டு ஆள். ஒருவரை நோக்கி அது பாய்ந்தால் மற்றவர் கயிறு இறுகும். தனியாளாய் ஒற்றைக் கயிற்றில் நலமடிக்காத காளையைக் கொண்டுபோவது எந்த அனுபவசாலிக்கும் புத்தியல்ல.

கயிற்றைவிட உயிரைக் காப்பது மாட்டைப் படிக்கத் தெரிவது. மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் 300 பாகைக்கு மேல் அதற்குத் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கிருந்து திடீரென்று தொட்டால் உதை விழும். இரு கண்ணும் சேர்ந்து தூரத்தை மதிப்பிடும் பரப்பு முன்னால் மிகக் குறுகியது. ஆகவே பக்கவாட்டில், தோளுக்கு நேராக, குரல் கொடுத்துக்கொண்டு நெருங்க வேண்டும். தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் மாடு முன்னே நகரும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். கால்நடை நடத்தையை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டெம்பிள் கிராண்டின் உலகெங்கும் பரப்பிய பாடம் இது. கயிற்றைத் தொடாமலே மாட்டை நடத்த இதுவே பெரும்பாலும் போதும். காதைப் பொறுத்தவரை மனிதருக்கு வினாடிக்கு 20,000 அதிர்வுவரை கேட்குமென்றால் மாட்டுக்கு ஏறக்குறைய 35,000 வரை கேட்கும். கத்திக் கூச்சலிடுவது அதற்குக் கட்டளையாகப் படுவதில்லை, கலவரமாகத்தான் படும். நாவைச் சொடுக்கும் சிறு ஒலி போதும்.

காளை தாக்குமுன் அனேகமாகச் சொல்லிவிட்டுத்தான் தாக்கும். முதலில் பக்கவாட்டில் திரும்பி, முதுகை வளைத்து, தன் முழு நீளத்தையும் காட்டும். பார்ப்பவர்கள் அதை அலட்சியமென்று நினைப்பார்கள். மாட்டு மொழியில் அது எச்சரிக்கை. பிறகு தலை தாழும், முன்னங்கால் மண்ணை வாரும், சீறும். அந்த நேரம் முதுகைக் காட்டி ஓடக்கூடாது. கண்ணை எடுக்காமல் பக்கமாக விலகி வேலிக்கோ மரத்துக்கோ போக வேண்டும். தனியாக, போத்தல் பால் கொடுத்து வளர்த்த ஆண் கன்று வளர்ந்தபின் சாதுவாயிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கன்றுகளைத் தனிமையில் வளர்த்தால் அவை பெரிதானதும் மனிதரை மிரட்டும் போக்குக் கூடுகிறது என்று கலிபோர்னியாவில் பிறைஸ், வாலக் என்ற ஆய்வாளர் இருவரும் 1990 இல் காட்டினார்கள். அந்தக் கன்று மனிதரையே தன் இனமென்று எண்ணி, தன் இனத்தோடு செய்யும் பலப்பரீட்சையை மனிதரோடு செய்கிறது. மற்றக் கன்றுகளோடு சேர்த்து வளர்ப்பதே மருந்து. உமிழ்நீர் வழிய, காரணமின்றிக் கதறும் மாட்டின் மூக்கிலோ வாயிலோ மட்டும் ஒருபோதும் கைவைக்காதீர்கள். அது விசர்நோயாயிருக்கலாம், வைத்தியரை அழைத்து விலகி நில்லுங்கள்.

நாணயம் குத்துவது வதைதானே என்று கேட்கலாம். இலங்கையில் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 இலேயே வந்துவிட்டது. இந்தியாவின் 1960 ஆம் ஆண்டுச் சட்டமோ, விதித்த முறைப்படி மூக்குக் குத்துவதை வதையாகக் கொள்ளவில்லை. என் கருத்தில் குத்துவதைவிடப் பெரிய கேள்வி, குத்தியபின் நடப்பது. சவாரியில் ஆணி வைத்த துவரங்கேட்டி என்ற தடியால் குத்தி விரட்டும்போது மாடு பின்னாலிருந்து வலியையும் முன்னாலிருந்து கயிற்றின் இறுக்கத்தையும் ஒன்றாகப் பெறுகிறது. ஓடு என்றும் நில் என்றும் ஒரே நேரத்தில் சொல்வது இது. அந்த மாடு கயிற்றில் கற்ற அத்தனையும் அங்கே குழம்பிப்போகிறது. தறிகெட்டுச் சனத்துக்குள் புகும் வண்டிலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் குழப்பம் இருக்கும். ஆணியை விலக்கினால் சவாரி அழிந்துவிடாது. சோடி சேர்த்துப் பழக்கிய நல்ல மாடுகள் சத்தத்துக்கே பாயும். அதைச் செய்து காட்டும் ஓட்டிகள் இருக்கிறார்கள்.

வயலுழவை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு வட்டுக்கோட்டையில் நாணயம் குத்த வேண்டிய மாடுகளும் குறைந்துவிட்டன. பாலுக்கு நிற்கும் பசுவுக்கு அது தேவையே இல்லை. மூக்குக்கு மேலாகவும் தாடைக்குக் கீழாகவும் வளைத்துக் கட்டும் முகக்கயிறு போதும். வண்டிலுக்குப் போகவிருக்கும் நாம்பனையும் கன்றிலிருந்தே முகக்கயிற்றில் நடத்திப் பழக்கலாம். இறுகினால் திரும்பு, திரும்பினால் தளரும் என்ற பாடத்தை அது துளையில்லாமலே கற்றுவிடும். பின்னர் நாணயம் குத்த நேர்ந்தாலும், புதுக் கயிற்றில் அதற்குக் கற்க மிகக் கொஞ்சமே மீதியிருக்கும்.